வசம்புக் கிழங்கில் மூன்று வெட்டு

அங்கமுத்து மண்டோரின் கடிதம் வந்ததையும், வீரப்பன் அண்ணன் அதை ஐந்து தடவை உரக்க வாசித்ததையும், ஐந்தாவது தடவை அவர் மகன் சேகரன் எழுந்து வெளியே போனதையும் சென்ற வாரம் சொல்லியிருந்தேன். போவதற்கு முன் அந்தப் பையன் மூன்று முறை, "அப்பா, ஒரு விசயம்" என்று வாயெடுத்தான். மூன்று முறையும் அப்பா, "எல்லாம் தட்டு மாத்தின பிறகு பேசிக்கலாம்" என்று மூடிவிட்டார். பேச விட்டிருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போயிருக்காது.

லூபோக் சீனாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அங்கமுத்துவும் அவர் மனைவியும் பதினொரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. தட்டு மாற்றினால் அவர்கள் மகள் சாந்திக்கும் சேகரனுக்கும் தை மாதம் கல்யாணம். மாற்றாவிட்டால் வீரப்பன் அண்ணன் கொடுத்த வாக்கு போச்சு. வாக்குப் போனால் அவர் தலை குனிந்து நடக்க வேண்டும். அவர் தலை நிமிர்ந்து நடப்பதைப் பார்த்தே பழகிப்போன தஞ்சோங் கிளிங் ரோட்டுக்கு அது தாங்காது.

நான் ஆறு மணிக்கே போய்விட்டேன். வடைக்கு ஆட்ட வேண்டும், பக்கத்து வீட்டுக்காரி போகாமல் யார் போவது? அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் முத்தாயி போனாள் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

மீனம்மா அடுப்படியில் இருந்தாள். வீரப்பன் அண்ணனுக்கு வாக்கப்பட்டு இருபத்தெட்டு வருஷம், அவள் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அன்றைக்கு வழக்கத்தைவிடவும் சத்தம் குறைவு.

"தட்டு வச்சாச்சா?" என்று கேட்டேன்.

"வைக்கணும்."

"பூ?"

"வைக்கணும் முத்தாயி. உளுந்தை ஆட்டு."

பித்தளைத் தட்டு அலமாரியில் கவிழ்த்தபடியே இருந்தது. கல்யாண வேலையில் இவளைப்போல அவசரக்காரி கிடையாது என்று நினைத்திருந்தேன். அதையும் குறித்துக்கொண்டு உளுந்தை ஆட்டினேன்.

அப்போதுதான் கொல்லையிலிருந்து அந்தக் கத்தல். யாரோ கிணற்றில் விழுந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். மாவுக் கையோடு ஓடினேன்.

வீரப்பன் அண்ணன் முழங்கால் அளவு தண்ணீரில், தன் குளத்துக்கு நடுவே நின்றார். புது வேட்டி நனைந்து தொடையோடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரம், அதில் ஆளுயரத்தில் பாதிக்கு வாள் வாளாகப் பச்சை இலை.

"வெட்டிட்டான்! மூணு இடத்துல வெட்டிட்டான்!"

இந்தக் குளத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு எதுவும் விளங்காது. அண்ணன் இருபது வருஷம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாகக் கணக்கெழுதினார். துரை பங்களாவின் பின்னால் துரைசாணி ஒரு குளம் வைத்து, கரையோரம் இந்தச் செடியை வளர்த்தாள். ரப்பர் விலை விழுந்த வருஷம் துரையும் துரைசாணியும் கப்பலேறினார்கள். சாமான்களை ஏலம் போட்டபோது மற்றக் கிராணிமார் மேசைக்கும் நாற்காலிக்கும் அடித்துக்கொண்டார்கள். இவர் மட்டும் ஒரு தகரத்தில் சேற்றோடு செடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தக் கையோடு வேலையும் போயிற்று. டவுனில் ஒரு கிடங்கில் கணக்குப் பார்த்தபடியே, மீதி நேரத்தில் சிமெண்டுக் குளம் கட்டினார்.

கொசு இன்ஸ்பெக்டர் வந்து தேங்கிய தண்ணீர் கூடாது என்றபோது சின்ன மீன்களை வாங்கி விட்டு, அவரையே உட்காரவைத்துக் காப்பி கொடுத்து அனுப்பினார். பிறகு கூடத்தில் இரும்புச் சட்டம் போட்ட ஒரு கண்ணாடித் தொட்டி. அதிலே சிவப்பு மீன் நாலு, சீனன் கடையில் வாங்கிய, இதே செடியின் குட்டை ஜாதி ஆறு. அந்தக் குட்டைச் செடிகளின் நுனியை மீனம்மாவின் சின்னக் கத்தரிக்கோலால் வாரம் ஒருமுறை நறுக்குவார். மீனம்மாவுக்கு நகம் வெட்டக் கத்தரிக்கோல் கிடைக்காது.

செடி வளர்ப்பைப் பற்றி அவரிடம் மாட்டிக்கொண்டவர்கள் பாவம். கிழங்கைப் புதைக்கக் கூடாது, புதைத்தால் அழுகும். களிமண்ணின் மேலாகப் படுக்கவைத்து, சுற்றி மணல் போட வேண்டும். மூன்று விரல் தண்ணீர் போதும். வெட்டிப் பிரித்தால் கணு விட்டு வெட்ட வேண்டும். மற்றபடி அது சாகவே சாகாது. ஒரு வருஷம் குளம் வற்றி, சேறு வெடித்து, இலையெல்லாம் கருகிக் கிடந்தது. மழை வந்த பத்தாம் நாள் பச்சைக் குருத்து நீட்டிக்கொண்டு நின்றது.

இவ்வளவும் தெரிந்த மனிதருக்கு ஒன்று மட்டும் தெரியாது. அந்தச் செடிதான் வசம்பு.

நம்பமாட்டீர்கள். நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். "வசம்புங்கிறது கடையில காய்ஞ்சு கிடக்கிற வேர், தங்கச்சி. இது குளத்துச் செடி. பங்களாச் செடி" என்று சொல்லி, துரைசாணி சொன்ன இங்கிலீஷ் பேரை ஒருமுறை உச்சரித்துக் காட்டினார். கைக்குழந்தை வயிற்றுவலியில் அழுதால் சுட்டு இழைத்துத் தடவுகிறோமே, கறுப்புக் கயிற்றில் கோத்துக் கையில் வளையமாகக் கட்டுகிறோமே, விளக்கு வைத்த பிறகு பேர்கூடச் சொல்லாமல் 'அது' என்கிறோமே, அந்த வசம்பு. அடுத்த கம்பத்து, அதாவது அடுத்த கிராமத்து, மலாய்க்காரர்கள்கூட ஜெராங்காவ் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். இவர் வீட்டில் இரண்டு பிள்ளைகள் அதை நக்கித்தான் வளர்ந்தார்கள். மூத்தவள் கோமளா கட்டிக்கொண்டு போய் ஈப்போவில் இருக்கிறாள். பிள்ளைகளுக்கு வயிறு வலித்த நேரமெல்லாம் அப்பா ஆபீசில் இருந்திருப்பார்போல.

சரி, குளத்துக்கு வருவோம். விருந்தாளிகளுக்குக் காட்ட வேண்டும் என்று சேற்றைத் துடைக்கத் தகரத்தைத் தூக்கியிருக்கிறார். கிழங்கின் ஓரத்தில் மூன்று வெட்டு.

"உன் வாத்து வேலைதானே இது?" என்று என்னைப் பார்த்தார்.

"என் வாத்து கத்தி பிடிக்குமா அண்ணே? வெட்டைப் பாருங்க, வழவழன்னு இருக்கு."

"அப்ப யாரு? அந்தப் பாபாச் சீனன் வீட்டுச் சமையல்காரனா? அவங்க திருநாளுக்கு ஜன்னல்ல செருகுறதுக்கு எடுத்துட்டானா? சேகரா! டேய், சேகரா!"

சேகரன் கொல்லை வாசலில் வந்து நின்றான். இருபத்தாறு வயது, மீன் லாரி ஆபீசில் குமாஸ்தா, வெள்ளைச் சட்டை போட்டு மாப்பிள்ளைபோலத்தான் இருந்தான். முகம் மட்டும் பரீட்சை எழுதப் போகிற முகம்.

"யாரு வெட்டினதுன்னு பாத்தியா?"

அவன் தகரத்தைப் பார்த்தான். பிறகு தன் கால் பெருவிரலைப் பார்த்தான்.

"அப்பா, அதான் நான் ஒரு விசயம்..."

"அப்புறம் பேசலாம். வேட்டி மாத்தணும், வேலை தலைக்கு மேல கிடக்கு. அந்தத் திருடன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

ஆக, நான்காவது தடவையும் போயிற்று.

*

பதினொன்றே காலுக்கு வாடகைக் கார் வந்து நின்றது. அங்கமுத்து மண்டோர் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக இறங்கினார். தோட்டத்தில் இருநூறு பேரை அதட்டி வேலை வாங்குகிறவர் என்பது அவர் "தண்ணி குடுங்க" என்று கேட்டதிலேயே தெரிந்தது. கூட அவர் மனைவி வேலாயி. ஒடிசலான உடம்பு, வீட்டை ஒரு சுற்றுப் பார்த்ததிலேயே எத்தனை தூண், எதில் கரையான் என்று கணக்கெடுத்துவிட்ட கண். ஐந்து பிள்ளை பெற்றவள், தோட்டத்து லயத்து வீடுகளில் பிரசவம் என்றால் முதலில் இவளைத்தான் கூப்பிடுவார்களாம். எனக்கு அவளைப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

கூடத்தில் கண்ணாடித் தொட்டியின் முன்னால் பத்து நிமிஷம் நின்றார்கள். நிற்க வைக்கப்பட்டார்கள் என்பதே சரி.

"செடி தண்ணிக்குள்ளயே உயிரோட இருக்குதே, அழுகாதா?" என்றார் அங்கமுத்து.

"அதுதான் சம்பந்தி இதோட விசேசம். சேத்துச் செடிதான், ஆனா முழுக்க முங்கினாலும் தாங்கும். என்ன, வளர்த்தி கம்மி. கொல்லையில பெரிசு இருக்கு, வாங்க. வந்து என் வயித்தெரிச்சலையும் பாருங்க."

"காப்பி ஆறுதுங்க" என்றாள் மீனம்மா.

"ஆறட்டும்!"

தன் வீட்டில் திருடு போனதை வரப்போகும் சம்பந்தியிடம் பெருமையாகக் காட்டுகிற மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எல்லாரும் கொல்லைக்குப் போனோம். சேகரன் காப்பித் தம்ளரோடு கடைசியாக வந்தான். மீனம்மா அடுப்படி வாசலோடு நின்றுவிட்டாள்.

அண்ணன் தகரத்தைத் தூக்கிக் குளத்துத் திட்டில் வைத்தார். "பாருங்க. எந்தப் படுபாவியோ!"

வேலாயி குனிந்தாள். வெட்டுப்பட்ட இடத்தை விரலால் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"அட, வசம்பு! இதைப்போயா மீன் தொட்டியில வச்சிருக்கீங்க?"

"வசம்பு இல்லம்மா, இது வந்து..."

"அண்ணே, நாலு வயசுப் பிள்ளையக் கேட்டாலும் சொல்லும், லா." மறுபடி குனிந்து பார்த்தாள். "இந்தா, இது கறுத்துப்போச்சு, மூணு மாசம் இருக்கும். வெட்டக்கூடத் தெரியல, பிச்சு எடுத்திருக்கு. இது ஒரு மாசம். இது புதுசு, உள்ள இன்னும் சிவப்பு மாறல. வீட்டுல கைப்பிள்ளை இருக்கா தங்கச்சி?"

மீனம்மா அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"கைப்பிள்ளை ஏது? என் மக ஈப்போவில இருக்கா, அவ மகன் பள்ளிக்கூடம் போறான்" என்றார் அண்ணன்.

"அப்ப அக்கம்பக்கத்துல?" வேலாயி என் பக்கம் திரும்பினாள்.

"என்னையா பாக்கிறீங்க? எனக்கு நாப்பத்தெட்டு வயசு!" என்றேன். "இந்த ரோட்டுல ஒருத்தரும் பிள்ளை பெறல. பெத்தா எனக்குத் தெரியாம போகுமா?"

"அப்ப இது வெளியில போகுது. கைப்பிள்ளைக்குத் தவிர வேற எதுக்கும் இப்படித் துண்டு துண்டா எடுக்கமாட்டாங்க. அதுவும் மாசக் கணக்குல."

"கடையிலதான் கிடைக்குதே? ஏன் திருடணும்?" என்றார் அங்கமுத்து.

வேலாயி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு இன்னும் சிரிப்புதான். வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

"கடையில போய்க் கேட்டா, 'யாருக்குக் குழந்தை?'ன்னுதானே முதல்ல கேப்பான். அதுக்குப் பதில் சொல்ல முடியாத ஆளு எவனோ எடுத்திருக்கான்."

அவள் சொன்னது அத்தனையும் சரி. எங்கள் ரோட்டு மளிகைக் கடையில் ஒருத்தர் வசம்பு கேட்டால், அவர் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி என் வீட்டுக்கு வந்துவிடும்.

தம்ளர் விழுந்தது.

சிமெண்டில் பட்டு, உருண்டு, குளத்துக்குள் போய் முங்கியது. காப்பி சேகரனின் வெள்ளைச் சட்டையெல்லாம். அவன் துடைக்கக்கூட இல்லை. எல்லாரும் திரும்பி அவனைப் பார்த்தோம். வேலாயியின் சிரிப்பு நின்றது. ஐந்து பெற்றவளுக்கு அந்த முகம் போதும்.

"டேய்" என்றார் வீரப்பன் அண்ணன். "யாருக்குடா எடுத்துக் குடுத்த?"

"என் பிள்ளைக்கு."

"யாரு பிள்ளைக்கு?"

"என் பிள்ளைக்குப்பா. மூணு மாசம் ஆகுது. உம்பாயில இருக்கு."

வேலிக்கு அந்தப் பக்கம் என் வாத்துகூட அந்த நேரம் பார்த்து வாயை மூடிக்கொண்டது.

சேகரன் இப்போது நிறுத்தவில்லை. நான்கு தடவை அடைத்த வாய் அல்லவா? ஒரே மூச்சில் கொட்டினான். பேர் காளியம்மா. உம்பாயில் கருவாடு காயப்போடுகிற இடத்தில் வேலை. லாரிக் கணக்குப் பார்க்கப் போன இடத்தில் பழக்கம். அவள் முதல் புருஷன் தோட்டத்துக் காய்ச்சலில் செத்து மூன்று வருஷம். போன வருஷம் டவுன் வாசகசாலையில் நாலு சிநேகிதர்களை வைத்துக்கொண்டு மாலை மாற்றிக்கொண்டார்கள். ஐயர் இல்லை, மேளம் இல்லை.

"தாலியறுத்தவளா?" என்றார் அங்கமுத்து.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் வேலாயி.

"என்னத்த சும்மா இருக்கிறது? கோட்டுப் போட்டு, கார் வச்சு, பதினெட்டு மைல் வந்திருக்கோம்!"

வீரப்பன் அண்ணன் இது எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மனிதர் அதிர்ச்சியில் என்ன பேசுவார் என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் பேசியது இதுதான்:

"மூணு வெட்டு. மூணு தடவை என் குளத்துல இறங்கியிருக்க. என் கண்ணு முன்னாலயே."

"ஒண்ணுதான்பா நான். அந்தப் பிச்ச மாதிரி இருக்கே, அது. பிள்ளை பொறந்த மறுநாள். மத்த ரெண்டும் நானில்ல."

"பொய்!"

"சத்தியமாப்பா."

"இன்னுமா பொய்?" அண்ணன் கை ஓங்கிவிட்டார்.

"அவன் பொய் சொல்லல."

குரல் அடுப்படி வாசலிலிருந்து வந்தது. மீனம்மா படியிறங்கி வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி, ஏதோ உப்புப் போதுமா என்று சொல்ல வருகிறவளைப்போல வந்தாள்.

"மத்த ரெண்டும் நான்."

ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. சேகரன் வாயைப் பிளந்தான். நான் குளத்துத் திட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். பின்புறம் நனைந்ததுகூடப் பிறகுதான் தெரிந்தது.

"அம்மா... உனக்கு எப்படி..."

"உன் சட்டையைத் துவைக்கிறது யாரு? பையில வசம்பு வாடை. ஓரத்துல சுட்டுத் தேச்ச கரி. ரெண்டு பெத்தவளுக்கு அது என்னன்னு தெரியாதா? லாரி ஆபீசு சீட்டுல உம்பாய்க் கருவாட்டுக் களம்னு போட்டிருந்துச்சு. ஒரு புதன்கிழமை பஸ்ஸேறிப் போனேன். கருவாடு வாங்க வந்தேன்னு சொன்னேன்."

சேகரன் ஓரடி முன்னால் வந்தான். "அந்தக் கருவாட்டம்மாவா நீ?"

"ம்."

"காளி சொல்லும்மா... புதன்கிழமையானா ஒரு அம்மா வருது, விலை பேசறதேயில்ல, பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்திருக்குன்னு. கையில வசம்பு வளையம் கட்டிவிட்டதும் அந்த அம்மாதான்னு... நீயாம்மா அது? காளிக்குத் தெரியாதா?"

"நான் யாருன்னு நான் சொல்லல. அவ யாருன்னு எனக்கு நீ சொன்னியா?"

இந்த இடத்தில் எனக்கு வந்த கோபம் வேறு. தஞ்சோங் கிளிங் கடற்கரை முழுக்க மீன். வாசலில் கூடைக்காரி கூவிக்கொண்டு போகிறாள். இதை விட்டு இரண்டு பஸ் மாறி உம்பாய் போய்க் கருவாடு வாங்கி வந்தாளே ஒருத்தி, வாரா வாரம், இரண்டு மாதமாக! அதில் பாதி என் வீட்டுக் குழம்பில்தான் கொதித்தது. 'நல்ல நெத்திலி' என்று சப்புக்கொட்டினேனே தவிர, ஏன் உம்பாய் என்று கேட்கத் தோன்றவில்லை. நானெல்லாம் என்ன பக்கத்து வீட்டுக்காரி?

வீரப்பன் அண்ணன் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"எதுல வெட்டின?"

"என்ன?"

"எந்தக் கத்தியில வெட்டினன்னு கேக்கிறேன்!"

"அரிவாமணையில."

"கணு விட்டு வெட்டியிருக்கு. மணலை மறுபடி சேர்த்து மூடியிருக்கு. உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

"இருபது வருசமாப் பொலம்புறீங்களே, புதைக்காதே, கணு விடு, மூணு விரல் தண்ணின்னு. காதுல விழாமலா போகும்?" என்றாள் மீனம்மா. குரல் உயரவேயில்லை. "பிள்ளையைப் பத்திச் சொல்லியிருந்தா ஒரு நிமிசம் நின்னு கேட்டிருப்பீங்களா? செடியைப் பத்தித்தான் நமக்குள்ள பேச்சு."

அண்ணன் கையை இறக்கிக்கொண்டார்.

"தட்டு வைக்கவே இல்லீங்க" என்று வேலாயியின் பக்கம் திரும்பினாள் மீனம்மா. "காலையில இருந்து வைக்க மனசு வரல. இவன் வாயைத் தொறப்பான்னு பாத்தேன். தொறக்காட்டி நான் சொல்லியிருப்பேன்."

சொல்லியிருப்பாளா? எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

வேலாயி அவள் அருகில் வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"போன வாரம் ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம் தங்கச்சி. உனக்கு ஒரு பேரப்பிள்ளை. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு. புதுச் சேலை கட்டிக்கிட்டு, நாங்க என்ன சேதியோட வர்றோம்னு வாசல்லயே உக்காந்திருக்கா."

மீனம்மா அப்போதுதான் தலையைக் குனிந்தாள்.

அங்கமுத்து தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்தினார். "என் மக பேரு இந்த ரோட்டுல அடிபடக் கூடாது" என்றார். சொல்லும்போது ஏன் என்னையே பார்த்தார் என்று தெரியவில்லை. வடை ஒன்றுகூடத் தொடாமல் கார் ஏறினார்கள். புழுதி அடங்கும்வரை வீரப்பன் அண்ணன் வாசலில் நின்றார். திரும்பி வந்து மகனிடம் ஒரே வார்த்தை சொன்னார்.

"போ."

"எங்கப்பா?"

"உன் பிள்ளை எங்க இருக்கோ அங்க."

அது ஆசீர்வாதமா, கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதா என்று எனக்கு விளங்கவில்லை. சேகரனுக்கும் விளங்கவில்லை. காப்பிச் சட்டையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். மீனம்மா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வடை சுட்டது போக மீதி மாவு உரலோரம் புளித்துக்கொண்டிருந்தது. நானும் என் வீட்டுக்கு வந்துவிட்டேன். இருந்து பார்க்கத்தான் ஆசை. ஆனால் அந்த வீட்டில் பார்ப்பதற்கு அப்போது இரண்டு முதுகுகள் மட்டும்தான் இருந்தன.

*

அந்தி சாய்ந்து, வாத்துகளை அடைத்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம். நான் எட்டிப் பார்க்கவில்லை, வேலிதான் தாழ்வு.

வீரப்பன் அண்ணன் மறுபடியும் குளத்தில் நின்றார். முதலில் தம்ளரைத் துழாவி எடுத்தார். பிறகு தகரத்தைத் திட்டில் வைத்து, பேனாக்கத்தியை விரித்து, கிழங்கைத் தடவித் தடவிக் கணு பார்த்தார். அவ்வளவு நேரம் பார்த்து ஒரே வெட்டு. நான்காவது வெட்டு. கட்டைவிரல் அளவுத் துண்டு. அதைத் தண்ணீரில் அலசி, வேர் மயிரை ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்து, பழைய பத்திரிகைத் தாளில் சுற்றினார். சுற்றிக்கொண்டு நேராக என் வேலிக்கு வந்தார்.

"தங்கச்சி."

"என்ன அண்ணே?"

"வாயை மூடிக்கிட்டு இருப்பியா?"

"நான் என்னிக்கு அண்ணே வாயைத் தொறந்திருக்கேன்?"

வேறொரு நாளாக இருந்தால் இதற்கு ஒரு பதில் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன். அவர் பொட்டலத்தையே பார்த்தார்.

"இதை... பச்சையாவே குடுக்கிறதா? காயவைக்கணுமா?"

அந்தச் செடியின் குடும்ப வரலாறு முழுக்கச் சொல்லக்கூடிய மனிதர், அதை வைத்து என்ன செய்வது என்று என்னிடம் கேட்கிறார். மீனம்மாவிடம் கேட்கலாமே என்று நாக்கு நுனிவரை வந்தது. சாத்திய அடுப்படிக் கதவைப் பார்த்தேன், விழுங்கிவிட்டேன்.

"காயவைக்கணும் அண்ணே. வெயில்ல நல்லா முறுகக் காயணும். அப்புறம் விளக்குல சுட்டு, கல்லுல இழைச்சு, வயித்துமேல தடவுவாங்க. நாக்குல ஒரு பொட்டு வைப்பாங்க."

"எத்தனை நாள் காயணும்?"

"ஒரு வாரம்."

"ஒரு வாரமா" என்றார். அது அவருக்கு நீளமா குட்டையா என்று முகத்தில் தெரியவில்லை. திரும்பி இரண்டடி நடந்தார். நின்றார். பொட்டலத்தை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார்.

"தங்கச்சி, உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. அது ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா?"

காலையிலிருந்து அந்தக் கொல்லையில் ஆறு பேர் நின்றோம். கத்தியைப் பற்றிக் கேட்டோம், கருவாட்டைப் பற்றிக் கேட்டோம், முதல் புருஷன் எதில் செத்தான் என்றுகூடத் தெரிந்துகொண்டோம். பிறந்து மூன்று மாதமான அந்த உயிர் ஆணா பெண்ணா என்று ஒருத்தர் கேட்கவில்லை. நான் கேட்கவில்லை! இந்தக் கடற்கரை ரோட்டில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று சொல்கிற முத்தாயி கேட்கவில்லை!

"தெரியாது அண்ணே" என்றேன். என் வாழ்நாளில் அந்த வார்த்தையை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?

அவர் தலையை ஆட்டினார். ஒன்று என்றால் பஸ் ஏறுவார், மற்றது என்றால் ஏறமாட்டாரா? இல்லை, எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தவிக்கிறாரா? கேட்டிருப்பேன். அதற்குள் அந்த வீட்டில் அடுப்படிக் கதவு திறந்தது. மீனம்மா விளக்கோடு வாசலில் வந்து நின்றாள். வீரப்பன் அண்ணன், திருடிய கையோடு பிடிபட்டவர்போல, பொட்டலத்தைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.